தனியுரிமைச் சட்டம் நாட்டுக்கு நாடு மாறுவது கலாச்சாரத்தாலா?

கேள்வி இதுதான்: ஜெர்மனியில் கூகுளின் தெருப் படத்தில் (ஸ்ட்ரீட் வியூ) தங்கள் வீட்டை மங்கலாக்கச் சொல்லி லட்சக்கணக்கானோர் எழுதிக் கொடுத்தார்கள். அருகிலேயே இருக்கும் சுவீடனில் அடுத்தவரின் வருமானத்தை யார் வேண்டுமானாலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இரண்டு நாட்டுக்கும் ஒரே ஐரோப்பியச் சட்டம். அப்படியானால் வித்தியாசம் கலாச்சாரத்தில்தானே இருக்கிறது? இந்தியர்களுக்குத் தனியுரிமை என்ற பழக்கமே கிடையாது, அதனால்தான் நம் சட்டம் இப்படி இருக்கிறது என்கிறார்களே, அது சரியா?

முதல் பாதி பெருமளவு சரி. இரண்டாவது பாதி தவறு. கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

வேலை நிமித்தமாகப் பல நாட்டுத் தனியுரிமைச் சட்டங்களைப் படிக்க வேண்டியிருக்கிறது. அவற்றின் நடுப்பகுதி எல்லா நாட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒப்புதல் வாங்கு, எதற்காக வாங்கினாயோ அதற்கு மட்டும் பயன்படுத்து, தேவைக்கு மேல் சேர்க்காதே, கசிந்தால் தெரிவி, பிழையென்றால் திருத்து. 2018 மே 25 அன்று நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையை, அதாவது ஜிடிபிஆரை, முன்னால் வைத்துக்கொண்டுதான் பிரேசில், கென்யா, இலங்கை என்று பல நாடுகள் தங்கள் சட்டத்தை எழுதின. விதிகள் இப்படிச் சுலபமாகக் கடல் தாண்டிவிடும். விலக்குகள் தாண்டுவதில்லை. ‘இந்தச் சட்டம் இன்னாருக்குப் பொருந்தாது, இன்ன காரியத்துக்குப் பொருந்தாது’ என்று சொல்லும் பிரிவுகள் அந்தந்த ஊரிலேயே பேரம் பேசி எழுதப்படுபவை. ஒரு நாடு எதற்குப் பயப்படுகிறது, எதை விட்டுக்கொடுக்காது, யாருடைய காயத்தை நினைவில் வைத்திருக்கிறது என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். கலாச்சாரம் சட்டத்தை வடிவமைக்கிறது என்று நான் சொல்வது இந்த அர்த்தத்தில்தான். ஜெர்மானியர் ஒதுங்கி இருப்பவர்கள், சுவீடன்காரர்கள் வெளிப்படையானவர்கள் என்று மக்களின் சுபாவத்தை வைத்து விளக்குவது எனக்கு ஒப்பவில்லை.

ஏன் ஒப்பவில்லை என்பதற்கு அந்தத் தெருப் படக் கதையே சாட்சி. 2010 நவம்பரில் ஜெர்மனியின் 20 நகரங்களில் அந்தச் சேவை வந்தது. வீட்டை மங்கலாக்கக் கேட்டவர்கள் சுமார் 2 லட்சத்து 44 ஆயிரம் குடும்பங்கள். கேட்கப் பெரிய எண்தான். ஆனால் அந்த நகரங்களில் உள்ள வீடுகளில் இது 3 சதவீதத்தை எட்டவில்லை. மற்றவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. எஸன் நகரில் மங்கலாக்கப்பட்ட வீடுகளைத் தேடிப் போய் முட்டை எறிந்தவர்களும் ஜெர்மானியர்கள்தான். ஆக, இதில் பார்க்க வேண்டியது வேறு. படம் வெளியாகும் முன்பே மறுப்புச் சொல்லும் வாய்ப்பை மக்களுக்குக் கொடுத்தாக வேண்டும் என்று ஹாம்பர்க் மாநிலத்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையர் யோஹானஸ் காஸ்பர் அந்த நிறுவனத்தோடு மல்லுக்கட்டி ஒப்புக்கொள்ள வைத்தார். அப்படி மல்லுக்கட்ட ஒரு அதிகாரி இருந்தார், அவருக்குப் பின்னால் ஒரு சட்டம் இருந்தது. மற்ற பல நாடுகளில் அந்த நாற்காலியே அப்போது கிடையாது.

அந்த நாற்காலி வந்த கதை 1970இல் தொடங்குகிறது. அரசு அலுவலகங்களில் பெரிய கணினிகள் நுழைந்துகொண்டிருந்த நேரம். ஹெஸ்ஸ மாநிலம் உலகின் முதல் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. மத்தியச் சட்டம் 1977இல் வந்தது. ஆனால் இன்றைய ஜெர்மன் தனியுரிமையின் அடித்தளம் ஒரு மக்கள்தொகைக் கணக்கெடுப்பைச் சுற்றி எழுந்த சண்டையில் இருக்கிறது.

மேற்கு ஜெர்மனியில் அந்தக் கணக்கெடுப்பு 1983 ஏப்ரல் 27 அன்று நடக்க வேண்டும். அதற்கான சட்டத்தை நாடாளுமன்றம் எதிர்ப்பே இல்லாமல் நிறைவேற்றியிருந்தது. படிவத்தில் இருந்த கேள்விகளும் பெரிய அந்தரங்கம் எதையும் தொடவில்லை. படிப்பு, தொழில், வேலைக்கு எதில் போகிறீர்கள் என்ற மாதிரியான கேள்விகள். ஆனால் கூடவே ஓர் ஏற்பாடு இருந்தது: வாங்கிய பதிலை உள்ளாட்சியின் குடியிருப்போர் பதிவேட்டோடு ஒப்பிட்டு, பதிவேட்டைத் திருத்திக்கொள்ளலாம். புள்ளிவிவரத்துக்கென்று சொன்ன பதில் நிர்வாகத்தின் மேசைக்குப் போய்விடும் என்று அர்த்தம். நாடெங்கும் புறக்கணிப்புக் குழுக்கள் முளைத்தன. ஹாம்பர்க்கைச் சேர்ந்த இரண்டு பெண் வழக்கறிஞர்கள், கிசெலா வில்ட், மாயா ஷ்டாட்லர்-ஆய்லர், கார்ல்ஸ்ரூஹேயில் உள்ள அரசியலமைப்பு நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார்கள். கணக்கெடுப்புக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஏப்ரல் 13 அன்று, நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. முழுத் தீர்ப்பு டிசம்பர் 15 அன்று வந்தது.

அந்தத் தீர்ப்பு கணக்கெடுப்பே கூடாது என்று சொல்லவில்லை. பதிவேட்டோடு ஒப்பிடும் ஏற்பாட்டை ரத்து செய்தது. அதைவிட முக்கியம் அதற்குச் சொன்ன காரணம். தன்னைப் பற்றிய தகவல் யாரிடம், எவ்வளவு போகலாம் என்பதைத் தானே முடிவு செய்வது ஒரு மனிதரின் கண்ணியத்தில் அடங்கிய உரிமை என்றது. கணினி வந்த பிறகு ‘இது அற்பத் தகவல்தானே’ என்று எதையும் ஒதுக்க முடியாது, ஒன்றோடொன்று சேரும்போது எதுவும் பெரிதாகிவிடும் என்றது. யாரோ குறித்துவைத்துக்கொண்டிருக்கிறார்களோ என்று சந்தேகப்படுகிறவர் கூட்டத்துக்குப் போகத் தயங்குவார், அமைப்பில் சேரத் தயங்குவார், அந்த இழப்பு ஜனநாயகத்துக்கும் சேர்த்துத்தான் என்றது. இந்தப் பகுதியை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மரியாதை குறைவதில்லை. கைபேசியும் சமூக ஊடகமும் இல்லாத காலத்தில் எழுதியது!

ஏன் ஜெர்மனியில், ஏன் கணக்கெடுப்பில்? பலரும் சட்டென்று சொல்லும் பதில் ஸ்டாசி. கிழக்கு ஜெர்மனியின் உளவுத்துறை மக்களை வேவு பார்த்ததால் வந்த எச்சரிக்கை என்பார்கள். கால வரிசை இடிக்கிறது. 1970, 1977, 1983 மூன்றும் மேற்கு ஜெர்மனியில் நடந்தவை. பெர்லினில் ஸ்டாசி தலைமையகத்துக்குள் மக்கள் புகுந்தது 1990 ஜனவரி 15 அன்றுதான். அடுக்கினால் 100 கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்தக் கோப்புகளை, வேவு பார்க்கப்பட்டவர்களே வந்து படிக்கத் தொடங்கியது 1992இல். ஏற்கனவே இருந்த அச்சத்தை ஸ்டாசி உறுதி செய்தது, அவ்வளவுதான். வேர் அதற்கும் முன்னால் இருக்கிறது. 1939 மே மாதக் கணக்கெடுப்பில் நாஜி அரசு ஒரு துணை அட்டையைச் சேர்த்தது. தாத்தா பாட்டி நால்வரில் யார் யார் யூதர் என்று ஒவ்வொருவரும் அதில் எழுதிக் கொடுக்க வேண்டும். 1983இல் படிவத்தை நிரப்ப மறுத்தவர்களில் அந்த அட்டையைத் தங்கள் கையால் நிரப்பிய தலைமுறையும் உயிரோடு இருந்தது.

பக்கத்து நாடான நெதர்லாந்தில் இதே விஷயம் இன்னும் கொடூரமாக நடந்தது. போருக்கு முன்பே அங்கே மிக ஒழுங்கான மக்கள் பதிவேடு இருந்தது. யார் எந்தச் சமயம் என்பதும் அதில் உண்டு. கெட்ட எண்ணத்தில் யாரும் அதை எழுதவில்லை. நாஜிகள் வந்தபோது பட்டியல் தயாராக இருந்தது. 1943 மார்ச் 27 இரவு, ஆம்ஸ்டர்டாமின் பதிவு அலுவலகத்துக்குள் எதிர்ப்பியக்கத்தினர் போலீஸ் உடையில் நுழைந்தார்கள். காவலர்களுக்கு மயக்க ஊசி போட்டு, பக்கத்தில் இருந்த விலங்குக்காட்சிச் சாலையின் தோட்டத்தில் கிடத்திவிட்டு, அட்டைகளைக் கொட்டி நெருப்பு வைத்தார்கள். தீயணைப்பு வீரர்கள் வேண்டுமென்றே தாமதமாக வந்து, எரியாத அட்டைகளும் நாசமாகட்டும் என்று தண்ணீரைப் பீய்ச்சினார்கள். இறுக்கமாக அடுக்கியிருந்த அட்டைகள் அப்படியும் முழுக்க அழியவில்லை. காட்டிக்கொடுக்கப்பட்டு, அந்த ஜூலையில் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நெதர்லாந்தின் சுமார் 1 லட்சத்து 40 ஆயிரம் யூதர்களில் 1 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள்.

இவ்வளவு நடந்த பிறகு அந்த நாடு என்ன செய்தது? 1971இல் நடந்த கணக்கெடுப்புக்குப் பெரும் எதிர்ப்பு வந்தது. வீடு வீடாகப் போகும் கணக்கெடுப்பு அதோடு சரி, அப்புறம் நடக்கவில்லை. ஆனால் மக்கள் பதிவேடு இன்றும் இருக்கிறது. புள்ளிவிவரமெல்லாம் அதிலிருந்தே எடுக்கப்படுகிறது. பயம் வாசலில் வந்து நின்ற கணக்கெடுப்பாளர் மேல் படிந்தது. ஆபத்தை விளைவித்ததோ அலுவலகத்தில் இருந்த பதிவேடு. நினைவு எப்போதும் சரியான இடத்தில் போய்ப் படிவதில்லை.

ஜெர்மனியிலும் அப்படித்தான். அங்கே வீடு மாறினால் இரண்டு வாரத்துக்குள் உள்ளாட்சி அலுவலகத்தில் பதிய வேண்டும். உறுப்பினராக உள்ள தேவாலயம் எது என்பதும் அரசுப் பதிவில் இருக்கும், ஏனென்றால் தேவாலய வரியைப் பெரும்பாலும் அரசின் வரித்துறையே வசூலித்துக் கொடுக்கிறது. வருமான வரியில் 8 அல்லது 9 சதவீதம். மதம் என்ற ஒரு கட்டத்தால் அத்தனை பேரை இழந்த கண்டத்தில், அதே கட்டம் சம்பளப் பட்டியல் வரை வருகிறது. காரணம், அந்த வரிக்கான உரிமை 1919 வைமார் அரசியலமைப்பிலிருந்து அப்படியே இன்றைய அடிப்படைச் சட்டத்துக்குள் எடுத்துக்கொள்ளப்பட்டது. ஜிடிபிஆரின் 91ஆம் பிரிவைப் பாருங்கள்: ஏற்கனவே சொந்தத் தரவு விதிகள் வைத்திருக்கும் தேவாலயங்கள் அவற்றையே தொடரலாம். ஜெர்மனியின் கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் தேவாலயங்களுக்குத் தனித் தரவுச் சட்டமே இருக்கிறது. பிரிட்டனிலோ அடையாள அட்டை என்றாலே ஒவ்வாமை. போர்க்கால அட்டையை 1952இல் ஒழித்தார்கள், மறுபடி கொண்டுவந்ததை 2010இல் ஒழித்தார்கள். ஜெர்மானியருக்கு அடையாள அட்டையில் எந்தச் சங்கடமும் இல்லை.

இப்போது சுவீடன். வரி அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு, இன்னாரின் வரிக்குரிய வருமானம் எவ்வளவு என்று கேட்டால் சொல்ல வேண்டும். நீங்கள் யார், ஏன் கேட்கிறீர்கள் என்று அவர்கள் கேட்பதில்லை. இணையத் தளங்களில் ஒருவரின் பெயரைப் போட்டால் வயது, முகவரி, அதே முகவரியில் இன்னும் யார் இருக்கிறார்கள் என்று வரிசையாக வரும். இதன் வேர் 1766 டிசம்பர் 2 அன்று இயற்றிய பத்திரிகைச் சுதந்திரச் சட்டம். அன்றைய சுவீடனின் பகுதியாக இருந்த பின்லாந்திலிருந்து ஸ்டாக்ஹோம் சட்டமன்றத்துக்கு வந்த ஆண்டர்ஸ் கூடேனியஸ் என்ற பாதிரியார் அதற்காகப் பாடுபட்டவர்களில் முதன்மையானவர். அரசின் ஆவணம் குடிமகன் பார்க்கக்கூடியது, மறைக்க வேண்டுமானால் அரசுதான் காரணம் காட்ட வேண்டும் என்ற கொள்கை அதில் வந்தது. அங்கே மக்கள் பயந்தது கதவைச் சாத்திக்கொண்டு முடிவெடுக்கும் அதிகாரிகளைப் பார்த்து. வரி ஆவணமும் அரசு ஆவணம்தான், எனவே அதுவும் திறந்தே இருக்கிறது.

சுவீடனுக்குத் தனியுரிமையில் அக்கறை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நாடு தழுவிய முதல் தரவுச் சட்டத்தை 1973இல் இயற்றியது சுவீடன்தான். அதற்கும் தூண்டுதல் 1970 கணக்கெடுப்பின்போது எழுந்த கவலை. ஆனால் இரண்டும் மோதும்போது எது ஜெயிக்கும் என்பதை அவர்கள் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டார்கள். ஜிடிபிஆர் வந்தபோது சுவீடன் நிறைவேற்றிய உள்நாட்டுச் சட்டம், பத்திரிகைச் சுதந்திரச் சட்டத்தோடும் கருத்துச் சுதந்திரச் சட்டத்தோடும் முரண்படும் இடத்தில் ஜிடிபிஆர் பொருந்தாது என்கிறது. அந்த மாதிரி எழுத ஜிடிபிஆரின் 85, 86ஆம் பிரிவுகளே இடம் கொடுக்கின்றன. ஆள் தேடும் தளங்கள் என்ன செய்கின்றன? ஊடகங்களுக்கான அரசு அமைப்பிடம் வெளியீட்டுச் சான்றிதழ் ஒன்றை வாங்கிக்கொள்கின்றன. அது கிடைத்ததும் பத்திரிகைக்கு உள்ள அரசியலமைப்புப் பாதுகாப்பு அவற்றுக்கும் வந்துவிடுகிறது. ஆட்சியாளரைக் கண்காணிக்க 18ஆம் நூற்றாண்டில் வெட்டிய வாய்க்காலில் இன்று முகவரி விற்கும் வியாபாரம் ஓடுகிறது. குற்றக் கும்பல்கள் எதிராளியின் வீட்டைக் கண்டுபிடிக்க இந்தத் தளங்கள் உதவுகின்றன என்ற கவலை எழுந்து, சுவீடனிலேயே இப்போது பெரிய விவாதம் நடக்கிறது.

பின்லாந்தில் ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் தொடக்கத்தில் வரி விவரம் வெளியாகும், பொறாமை நாள் என்றே அதற்குப் பெயர். அங்கே ஒரு நிறுவனம் சுமார் 12 லட்சம் பேரின் வரி விவரத்தை மொத்தமாக அச்சிட்டும் குறுஞ்செய்தியில் அனுப்பியும் வந்தது. அதற்கு விதித்த தடை சரியே என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2017இல் சொன்னது. நார்வே எனக்குப் பிடித்த ஒரு வழியைக் கண்டுபிடித்தது. வரி விவரம் அங்கே இணையத்திலேயே இருந்தது, யாரும் யாரையும் தேடலாம். 2014 முதல், உங்களை யார் தேடினார்கள் என்பது உங்களுக்குத் தெரியும் என்று மாற்றினார்கள். ஒரு தகவலையும் மூடவில்லை. தேடல்கள் வெகுவாகக் குறைந்துவிட்டன. மக்களின் குணம் ஒரே இரவில் மாறவில்லை, விதி மாறியது, பழக்கம் மாறியது. கலாச்சாரம் சட்டத்தை ஆக்குகிறது என்று மட்டும் பேசுகிறவர்கள், சட்டமும் கலாச்சாரத்தை ஆக்கும் என்பதற்கு இந்த உதாரணத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். அங்கே இன்றுவரை எல்லாத் துறைக்கும் பொதுவான மத்தியத் தனியுரிமைச் சட்டம் இல்லை. ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஒரு சட்டம். 1987இல் உச்ச நீதிமன்ற நீதிபதி பதவிக்கு முன்மொழியப்பட்ட ராபர்ட் போர்க் எந்தெந்த வீடியோ கேசட்டுகளை வாடகைக்கு எடுத்தார் என்ற பட்டியலை ஒரு வாஷிங்டன் வாரப் பத்திரிகை வெளியிட்டது. மறு ஆண்டே வீடியோ வாடகைப் பதிவுகளுக்கென்று தனிச் சட்டம் வந்துவிட்டது. மருத்துவத்துக்கு ஒன்று, குழந்தைகளுக்கு ஒன்று, ஓட்டுநர் உரிமப் பதிவுக்கு ஒன்று. பொதுச் சட்டம் வராததற்குப் பல காரணங்கள் உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது கருத்துச் சுதந்திரத்துக்கு அங்கே உள்ள இடம். மருத்துவர்கள் எழுதும் மருந்துச் சீட்டு விவரங்களை மருந்து நிறுவனங்களின் விற்பனை வேலைக்கு விற்பதைக் கட்டுப்படுத்திய வெர்மான்ட் மாநிலச் சட்டத்தை, பேச்சுரிமைக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2011இல் ரத்து செய்தது. கார்ல்ஸ்ரூஹே நீதிபதிகள் கண்ணியத்திலிருந்து தொடங்கினார்கள், இவர்கள் பேச்சுரிமையிலிருந்து தொடங்கினார்கள். தொடங்கும் இடம் வேறானால் போய்ச் சேரும் இடமும் வேறுதான்.

அமெரிக்காவில் கணக்கெடுப்புக் காயம் இல்லையா? இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம் பேரை முகாம்களில் அடைத்தபோது, அவர்கள் எந்தப் பகுதியில் எத்தனை பேர் என்ற கணக்கைக் கொடுத்து உதவியது கணக்கெடுப்புத் துறை. 1943இல் வாஷிங்டனில் இருந்தவர்களின் பெயர், முகவரியையே கொடுத்தது. 2000ஆம் ஆண்டில் அந்தத் துறையின் இயக்குநர் மன்னிப்புக் கேட்டார். ஆனால் அந்த நினைவிலிருந்து ஜெர்மனியில் பிறந்ததைப் போன்ற ஓர் உரிமை பிறக்கவில்லை. காயம் ஒரு சிறுபான்மையினரின் காயமாகவே நின்றுவிட்டது.

நாட்டின் நினைவு என்று பொதுவாகச் சொல்கிறோமே, அதில் யாருடைய நினைவு என்ற கேள்வி தமிழ் வாசகர்களுக்கு இன்னும் நெருக்கமானது. கார்ல்ஸ்ரூஹேயில் இடைக்காலத் தடைக்கும் தீர்ப்புக்கும் நடுவில், அதே 1983ஆம் ஆண்டின் ஜூலை மாதம் கொழும்பில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். கும்பல்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, தமிழர் வீடு எது, கடை எது என்று பார்த்துப் பார்த்து வந்தன. தேர்தலுக்காகத் தயாரித்த பட்டியல் அது. அப்புறம் போர்க்காலம் முழுவதும் கொழும்பில் தங்கிய தமிழர்களுக்கு பொலிஸ் பதிவு என்பது அன்றாட விஷயம். வெள்ளவத்தையில் ஓர் அறை எடுத்தால் யார் வீட்டில் யார் தங்கியிருக்கிறார், எந்த ஊர், எதற்கு வந்தார் என்று நிலையத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும், சோதனையின்போது அந்தத் துண்டைக் காட்ட வேண்டும். ஒரு பட்டியல் என்ன செய்யும் என்பதை இவர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் ஆம்ஸ்டர்டாமில்கூட அதிகம் பேர் இருக்க மாட்டார்கள்.

இலங்கையின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் வந்தது. இனம், மதம், அரசியல் கருத்து ஆகியவற்றைத் தனிப் பாதுகாப்புக்குரிய தரவு என்று அது சொல்கிறது. நல்ல விஷயம். ஆனால் அந்த வரி ஐரோப்பியப் பாடத்திலிருந்து வந்தது. சட்டத்தின் முகவுரை பேசுவது டிஜிட்டல் பொருளாதார வளர்ச்சியைப் பற்றி. விலக்குப் பகுதியில் தேசியப் பாதுகாப்பு இருக்கிறது. 1983ஐ மனதில் வைத்து எழுதியிருந்தால், ஒரு காரியத்துக்குத் தயாரித்த அரசுப் பட்டியல் வேறு கைக்குப் போகாமல் தடுப்பதில்தான் அந்தச் சட்டம் தொடங்கியிருக்கும். ஐரோப்பாவில் யூதர்கள் பட்ட துயரத்தின் பெயரால் எழுதிய வரி, தமிழர்களின் துயரம் நடந்த ஊருக்கு வெறும் வணிகத் தேவையாக வந்து சேர்ந்தது என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

இனி இந்தியா. ‘நமக்குத் தனியுரிமைப் பழக்கம் இல்லை’ என்ற பேச்சு தேநீர்க்கடையில் மட்டும் இல்லை. ஆதார் வழக்கில் தனியுரிமை அடிப்படை உரிமையே அல்ல என்று மத்திய அரசு வாதாடியது. தனியுரிமை வசதி படைத்தவர்களின் கவலை, ஏழைக்கு வேண்டியது நலத்திட்டம் என்ற வாதமும் வந்தது. 2017 ஆகஸ்ட் 24 அன்று, கர்நாடகத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், ஒன்பது நீதிபதிகள் அமர்வு ஒருமனதாக அதை நிராகரித்தது.

பழக்கம் இல்லை என்பது உண்மையா? தமிழ்நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தைப் போடுவதை விட வேண்டும் என்று தீர்மானித்தது. இன்று தமிழ்நாட்டில் பெரும்பாலானோர் பெயரில் அப்பாவின் முதலெழுத்து இருக்கிறது, சாதி இல்லை. ஒரு தகவலால் மனிதர்கள் தரம் பிரிக்கப்படுகிறார்கள், எனவே கேட்காமலே அதைக் கையில் கொடுப்பதில்லை என்று ஒரு சமூகமே கூடி எடுத்த முடிவு அது. தேவைக்கு மேல் தரவு கொடுக்காதே என்று இன்றைய சட்டங்கள் சொல்வதும் இதையேதான். வாடகைக்கு வீடு கேட்டுப் போனவரிடம் ‘சொந்த ஊர் எது, ஊரில் எந்தத் தெரு, குலதெய்வம் எது’ என்று வீட்டுக்காரர் சுற்றி வளைக்கும்போது, அவர் எதைத் துருவுகிறார் என்பது இருவருக்குமே தெரியும். பதில் சொல்லாமல் நழுவத் தெரிந்தவர்கள் நம்மிடையே ஏராளம். ஊர்க்கதை பேசுவதை வைத்து நமக்குத் தனியுரிமை தெரியாது என்று முடிவு கட்டுவது மேலோட்டமான பார்வை.

இந்த அறிவு ஒரு கட்டத்தில் சட்டத்தின் வாசல்வரை வந்தது. 2018இல் நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு கொடுத்த வரைவிலும், 2019இல் நாடாளுமன்றத்துக்கு வந்த மசோதாவிலும், தனிக் கவனத்துக்குரிய தரவுப் பட்டியலில் ‘சாதி அல்லது பழங்குடி’ என்று தெளிவாக இருந்தது. ஐரோப்பியச் சட்டத்தில் அப்படி ஒரு வார்த்தை கிடையாது, அது நம் மண்ணின் காயம். 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்தப் பட்டியலே இல்லை. எல்லாத் தரவும் ஒன்று என்று ஆகிவிட்டது. சாதியும் பிட்சா ஆர்டரும் ஒரே தட்டில்.

விலக்கு எப்படி? 17ஆம் பிரிவின்படி, நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக மத்திய அரசு எந்த அரசு அமைப்பையும் அறிவிக்கை செய்து இந்தச் சட்டத்திலிருந்து விலக்கி வைக்கலாம். ஜெர்மனியில் சட்டம் பிறந்ததே அரசைக் கட்டுப்படுத்துவதற்கு. இங்கே அரசுதான் முதலில் வெளியே நிற்கிறது.

அடுத்து இதே சட்டத்தின் 44(3). இந்த உட்பிரிவு, 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ) விதியை மாற்றியது. பழைய விதிப்படி, பொதுப் பணியோடு சம்பந்தமில்லாத, அல்லது வெளியிட்டால் அநாவசியமாக அந்தரங்கத்தில் தலையிடுவதாகும் தனிப்பட்ட தகவலைத்தான் மறுக்க முடியும், அதிலும் பெரிய பொது நலன் இருந்தால் கொடுத்தாக வேண்டும். நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற நல்ல வரியும் இருந்தது. புதிய விதி சுருக்கமானது: தனிப்பட்ட தகவலா, மறுக்கலாம்.

இந்தியாவின் தகவல் உரிமை எங்கே பிறந்தது என்று நினைத்துப் பார்த்தால் இதன் கனம் புரியும். 1990களில் ராஜஸ்தான் கிராமங்களில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற உழைப்பாளர், விவசாயிகள் அமைப்பு பொது விசாரணைகள் நடத்தியது. அரசு வேலைத்திட்டங்களின் வருகைப் பதிவேட்டை ஊர் நடுவில் உரக்க வாசித்தார்கள். யார் பெயரில் எத்தனை நாள் கூலி எடுக்கப்பட்டது என்று கேட்டதும், ‘நான் அந்த வேலைக்கே போகவில்லையே’ என்று ஆட்கள் எழுந்து சொன்னார்கள். ஊழல் பிடிபட்டதே பெயர் வெளியில் இருந்ததால். 1997இல் தமிழ்நாடும், பல குறைகளோடு என்றாலும், தனக்கென ஒரு தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது. சுவீடன் 1766இல் பெற்றதற்கு இணையான ஒன்றை இந்தியாவின் ஏழைகள் தெருவில் உட்கார்ந்து வாங்கினார்கள். சுவீடன் தன் பழைய சட்டத்தைக் காப்பாற்றப் புதிய தனியுரிமைச் சட்டத்தில் விலக்கு எழுதியது. நாம் புதிய தனியுரிமைச் சட்டத்தைச் சாக்காக வைத்துப் பழைய உரிமையை வெட்டினோம். மக்களின் பழக்கத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மக்களின் பழக்கம் உண்மையில் இதற்கு நேர் எதிரானது.

அரசுத் தரப்பு சொல்வதையும் சொல்லிவிடுகிறேன். புட்டசாமி தீர்ப்புக்கு ஏற்பத் தனியுரிமையை வலுப்படுத்தவே இந்த மாற்றம், பொது நலன் பெரிதென்றால் தகவல் தரலாம் என்ற 8(2) அப்படியே இருக்கிறது என்கிறார்கள். 8(2) இருப்பது உண்மை. ஆனால் முன்பு, இது அந்தரங்கத்தில் தலையீடு என்று காட்ட வேண்டிய சுமை பெருமளவு அலுவலர் மேல் இருந்தது. இப்போது, பொது நலன் பெரிது என்று காட்டும் சுமை மனுதாரரிடம் வந்துவிடுகிறது. அதனால் ஒப்பந்ததாரர் பெயர், பயனாளிப் பட்டியல், அதிகாரியின் சான்றிதழ் மாதிரி விஷயங்களுக்கு மனுப் போடுகிறவர்கள், இந்தத் தகவல் ஏன் பொதுவுக்கு வேண்டும் என்பதை முதல் மனுவிலேயே இரண்டு மூன்று வரியில் எழுதி, 8(2)இன் கீழ் கேட்கிறேன் என்று குறிப்பிட்டுவிடுங்கள். மேல்முறையீட்டில் பிடித்துக்கொள்ள அந்த வரிகள்தான் இருக்கும்.